வக்கீலுக்கு ஒரு கூடாரம்

வக்கீல் என்பது நாயின் பெயர். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒரு குரை குரைத்துவிட்டுத்தான் படுக்கும் என்பதால், குட்டியாக வந்த முதல் வாரத்திலேயே அவள் கணவன் வைத்த பெயர். வாசல் மணி, குக்கர் விசில், பக்கத்து வீட்டுக்காரரின் தும்மல் எல்லாவற்றுக்கும் அதனிடம் ஒரு பதில் இருந்தது. கணவன் வீட்டை விட்டுப் போன பிறகு அது குரைப்பதையே நிறுத்திவிட்டது. வாசல் கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய்ப் படுத்துக்கொண்டது. மணி அடித்தால் ஒரு காது எழும்பும். வந்தவர் யாரென்று தெரிந்ததும் அந்தக் காது திரும்ப விழும்.

கணவன் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வெளியூர் வேலை என்று எப்போதும் போலப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு வாரம் கழித்துப் போனில், இனிமேல் வரப்போவதில்லை என்றான். அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்பதையும் அவனே சொன்னான். அதை வாய்விட்டுச் சொல்ல அவன் பட்ட பாட்டைக் கேட்டு ஒரு கணம் அவளுக்கே அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் போய்க் கோபம் வருவதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

அவளுக்கு வேலை இருந்தது. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸை பிரேமின் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்துப் பொருத்துகிற வேலை. அதனால் யாரும் அவளைத் தாங்கிப்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் அப்பாவின் நிலைமைதான் சங்கடமாகிப் போனது. மகன் இல்லாத வீட்டில், மருமகளோடு, எந்தக் கணக்கில் இருப்பது? வேறு போக்கிடமும் இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் இருந்த அடுக்குமாடியின் லிஃப்ட் எந்தத் தளத்தில் நின்றாலும் ஒரு குலுக்கல் குலுக்கும். ஒவ்வொரு முறையும் அதைத் திட்டாமல் இறங்க மாட்டார். மகன் போனதிலிருந்து லிஃப்ட்டைத் திட்டுவதையும் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் சொல்வதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். ஒரு நாள் அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அவன் விட்டுட்டுப் போன சாமான்ல ரெண்டுக்குத்தான் மூச்சு இருக்கு. ஒண்ணு வாசல்ல படுத்திருக்கு. இன்னொண்ணு தட்டு கழுவுது."

சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வக்கீலின் காதில் புண் வந்து, அதைத் தூக்காத குறையாக மருத்துவரிடம் கொண்டுபோனபோதுதான் முகாம் பற்றித் தெரிந்தது. காதுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர், காது ஆறிவிடும், நாய் இப்படிச் சுருண்டு கிடப்பதற்குத்தான் தன்னிடம் மருந்தில்லை என்றார். அங்கே நாய்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற ஒரு பெண், வார இறுதிகளில் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் முகாம் நடத்துகிறாளாம். நாயும் வளர்ப்பவரும் சேர்ந்து கூடாரத்தில் தங்க வேண்டும், மற்ற நாய்களோடு நடக்க வேண்டும், தண்ணீரில் விளையாட வேண்டும். புது இடத்தைப் பார்த்தால் இதற்குக் கொஞ்சம் தெளியும் என்றார் மருத்துவர். அவள் நான்கு சுவருக்கு வெளியே ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. என்ன தோன்றியதோ, அங்கேயே நின்று பெயர் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே வைதுகொண்டு வந்தாள்.

பயிற்சிக்காரி போனில் விவரமாகச் சொன்னாள். முதல் தடவை வருகிற நாய் கூடாரத்தைக் கண்டு மிரளும். அதனால் இப்போதே வீட்டுக்குள் கூடாரத்தை விரித்துப் பழக்க வேண்டும். கூப்பிட்டால் வரவேண்டும். அது படுக்கிற பழைய துணியைத் துவைக்காமல் எடுத்து வரவேண்டும், தெரிந்த வாசனை பக்கத்தில் இருந்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

கடையில் கல்லாவில் இருக்கும் அக்கா தன் பிள்ளைகளின் பழைய கூடாரத்தைக் கொடுத்தாள். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு அதைக் கூடத்தில் நிறுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுக்குள்ள எதுக்கும்மா இன்னொரு வீடு? இருக்கிற வீட்டுக்கே ஆள் பத்தல."

வக்கீல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைக் காட்டினாள். உள்ளே போய்ப் படுத்துக் கூப்பிட்டாள். ஜிப்பை இழுத்த சத்தத்துக்கு அது இன்னும் ஒடுங்கிக்கொண்டது. கணவனின் பயணப் பையிலும் அப்படி ஒரு நீள ஜிப் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் அவன் கிளம்புகிறான் என்று நாய்க்குத் தெரியும். இது அவளுக்கு உறைத்ததும் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது. மறுநாள் பார்த்தால், மாமனார் ஜிப்பின் பல் முழுக்க மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்திருந்தார். இழுத்தால் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் கடையிலிருந்து அவள் வந்தபோது வீட்டில் ஆள் அரவமே இல்லை. செருப்பு அலமாரி ஓரம் காலி. கூடத்துக்கு ஓடினால், கூடாரத்துக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே மாமனார் மல்லாந்து படுத்திருந்தார். அவர் இடுப்போரம் முதுகைக் கொடுத்து வக்கீல் படுத்திருந்தது.

"மத்தியானம் சும்மா படுத்துப் பார்ப்போம்னு நுழைஞ்சேன். முட்டி மடங்குது, நிமிர மாட்டேங்குது. இவன் வந்து என்னன்னு பார்த்தான். அப்படியே படுத்துட்டான். ரெண்டு பேருக்கும் எழுந்திருக்க வழி தெரியல."

அவரைத் தூக்கி நிறுத்துவதற்குள் அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்புத்தானா என்று அவளுக்கே சந்தேகமாகி, முகம் கழுவப் போய்விட்டாள்.

அதன் பிறகு மூன்று பேருக்கும் ஒரு வேலை கிடைத்தது போல இருந்தது. காலையில் அவள் பூங்காவுக்குக் கூட்டிப்போய், கயிற்றை நீளமாக விட்டு, கூப்பிட்டுப் பழக்கினாள். "வக்கீல், வா" என்று முதல்முறை குரல் கொடுத்தபோது, ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே வக்கீலாக இருந்திருப்பார். அவர் வந்திருப்பார், நாய்தான் வரவில்லை. நாலைந்து நாளில் அதுவும் வரத் தொடங்கியது. ஓடியெல்லாம் வராது. ஏதோ போனால் போகிறது என்பது போல நடந்து வரும். மாமனார் அதன் காதுக்கு மருந்து விடுகிற பொறுப்பை எடுத்துக்கொண்டார். பாட்டிலை உள்ளங்கையில் உருட்டி உருட்டிச் சூடு பண்ணித்தான் விடுவார், சில்லென்று விழுந்தால் அது தலையை உதறுமாம். அவள் இல்லாத இரண்டு நாளும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், ரொட்டி இருக்கிறது, முட்டை இருக்கிறது, நான் என்ன குழந்தையா என்பார். கேட்டுவிட்டு அவள் அந்தப் பக்கம் போனதும் வாசல் தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டுப் பார்ப்பார்.

கணவனின் போன் கடைக்கு வந்தது, புதன்கிழமை. அவள் மெஷினில் ஒரு லென்ஸை ஏற்றியிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு யாரென்று கேட்டாள்.

"நான்தான்" என்றான். "வக்கீல் எப்படி இருக்கான்?"

அவள் மெஷினை நிறுத்தினாள். இருக்கிறது என்றாள்.

அவன் இப்போது இருக்கிற வீட்டுக்குப் பின்னால் நிறைய இடம் இருக்கிறதாம். சுற்றி வேலி போட்டிருக்கிறானாம். குட்டியிலிருந்து தூக்கி வளர்த்ததாயிற்றே, மனசு கேட்கவில்லையாம். சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு வந்தால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறானாம். அவள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். நாயைக் கேட்டவன் அதற்கடுத்து இன்னொன்றையும் கேட்பான் என்று நினைத்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை.

"மாமாவை?" என்றாள்.

"அப்பாவா? அவர் அங்கதானே இருக்காரு."

யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது. சனிக்கிழமை முடியாது, வக்கீலை ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள்.

"கேம்ப்பா? நீயா?" என்று அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, தெரிந்தவர்களிடம் உரிமையாகச் சிரிப்பது போன்ற சிரிப்பு. அந்த உரிமைதான் அவளைச் சுட்டது. நாயைத் தர முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தாள். பாதியில் நின்ற மெஷினைத் திரும்ப ஓட்டியபோது கை தவறி லென்ஸின் ஓரம் சில்லுப் பெயர்ந்தது. இன்னொரு லென்ஸ் எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள்.

அன்று மாலை அவள் கூடாரத்துக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பழக்குவதற்கென்று இல்லை, வேறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடாமல் வக்கீல் தானாக வந்தது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. அந்தக் கனம் மெல்ல மெல்ல ஏறியது. இது அவள் நாயே இல்லை. கல்யாணமான புதிதில் இதன் முடி சோற்றுத் தட்டுவரை வருகிறது என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள். கூப்பிட்டால் இது யாரிடம் போகும் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்கவே தேவையில்லாத கேள்விதான். இத்தனை மாதமும் இது வாசலில் கிடந்தது அவளுக்காகவா?

வெள்ளிக்கிழமை வரை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பையில் எதையும் எடுத்து வைக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வக்கீலின் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டே மாமனார் கேட்டார்.

"அவன் உனக்குப் போன் பண்ணினானா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் நாயின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் மொதல்ல பண்ணினான். போன வாரம், நீ கடைக்குப் போயிருந்தே. ரொம்ப நேரம் பேசினான்மா. சாப்பிடுதா, குரைக்குதா, தூக்கத்துல முனகுதான்னு ஒண்ணு விடாம கேட்டான்."

"உங்களைப் பத்தி?"

அவர் மருந்துப் பாட்டிலின் மூடியைத் திருகினார். மூடிய பிறகும் திருகினார்.

"கேக்கத்தான் வந்தான்னு நினைக்கிறேன். அதுக்குள்ள அவனுக்கு வேற போன் வந்துடுச்சு."

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அவள் சொன்னாள். முகாமுக்கு ராத்திரியே பையைக் கட்டிவிட்டு விடிந்ததும் வக்கீலோடு கிளம்பிவிடுவேன், நீங்கள் கதவைத் திறக்க வேண்டாம், அவன் வந்தாலும் சாத்திய கதவைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. எல்லாம் முடிந்த பிறகு அவர், நாயின் தலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

"குடுத்துடும்மா. விட்டுட்டுப் போனதுல ஒண்ணையாவது திரும்பக் கேக்குறான். கேக்குறப்போ இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் அவன் எதையுமே கேக்க மாட்டான்."

நாய்க்காகச் சொல்கிறார் என்றுதான் அவள் அப்போது நினைத்தாள். கணவனுக்கு வரச் சொல்லி ஒற்றை வரி அனுப்பினாள். பிறகும் ஏனோ பையை எடுத்து ரொட்டி, வேகவைத்த முட்டை, வாழைப்பழம், டார்ச் லைட், போர்வை எல்லாவற்றையும் அடுக்கினாள். அவன் வராமலும் போகலாம் அல்லவா?

வந்தான். சனிக்கிழமை காலை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. மேலே வரவில்லை. கீழே நிற்கிறேன் என்று போன் செய்தான். அவள் வக்கீலுக்குக் கயிறு மாட்டித் திரும்பினால் மாமனாரும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். விசேஷ வீடுகளுக்கு மட்டும் போடுகிற சட்டை. கையில் மருந்துப் பாட்டில் இருந்தது. லிஃப்ட் தரைத்தளத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றபோது அவர் அதை ஒன்றும் சொல்லவில்லை.

அவன் காரில் சாய்ந்து நின்றிருந்தான். "டேய்" என்றான், அவ்வளவுதான். வக்கீல் குரைத்தது. அத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த குரைப்பையெல்லாம் ஒரே மூச்சில் குரைத்தது. மேல் மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. கயிறு அவள் கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அது அவன் மேல் தாவியது, விழுந்தது, சுற்றிச் சுற்றி ஓடியது, அவன் முகமெல்லாம் நக்கியது. அவன் தரையில் முட்டி போட்டு அதைக் கட்டிக்கொண்டு அழுதான். பொய்யழுகை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு மாமனார் பக்கத்தில் போனார். மருந்தை எப்படி விட வேண்டும் என்று விளக்கினார். பாட்டிலை உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். இடது காதில்தான் புண், வலது காதுக்கும் ஒரு சொட்டு விட்டால் நல்லது. குளித்த அன்றைக்கு விடக்கூடாது. தலையைப் பிடிக்கும்போது கீழ்த்தாடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சொன்னதையே திரும்பச் சொன்னார். அவன் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தான். வக்கீல் யாரும் ஏற்றிவிடாமல் தாவி ஏறி உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னும் ஒருவர் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது. மாமனார் அந்தத் திறந்த கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"கை பார்த்துப்பா" என்றான் அவன், கதவைச் சாத்துவதற்காக.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கார் தெரு முனையில் திரும்பும்போதும் குரைப்புக் கேட்டது. நாய் ஒரு தடவைகூடப் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. மாடி ஏறி வந்ததும் மாமனார் நாற்காலியில் குனிந்து செருப்பைக் கழற்றினார். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து அவருடைய ரத்த அழுத்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அதோடு பல் துலக்கும் பிரஷும் விழுந்தது. அவர் சட்டென்று காலால் மறைக்கப் பார்த்தார். அவள் அதற்குள் பார்த்துவிட்டாள். பார்க்காதது போலச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். நேற்று அவர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

பத்து மணிக்குப் பயிற்சிக்காரி கூப்பிட்டாள். எல்லோரும் வந்துவிட்டார்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றாள். பின்னால் நாய்களின் ஆரவாரமும், யாரோ தண்ணீரில் குதிக்கிற சத்தமும் கேட்டன. வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். ஐயோ, பரவாயில்லை, அடுத்த மாதம் கட்டாயம் வாருங்கள், அதைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே இருங்கள் என்றாள் அந்தப் பெண். இருக்கிறேன் என்றாள் இவள்.

முகாமுக்குக் கட்டியதை எடுத்து இருவரும் மத்தியானம் சாப்பிட்டார்கள். முட்டைக்கு உப்பு எடுத்து வைக்க மறந்திருந்தாள். அவர் அப்படியே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தபோது அவள் கையை நீட்டி அதை வாங்கினாள்.

"இனிமே நான் கழுவுறேன் மாமா. உப்பு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

அவர் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "இல்லைதான்" என்றார்.

அடுத்த வாரம் அவளே கணவனுக்குப் போன் செய்தாள். உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், நாயைப் பற்றி இல்லாமல் வேறு ஏதாவது பேசுங்கள் என்றாள். அவன் சரி என்றான். நிச்சயம் என்றான். நாள்கள் போயின. கடைசியில் அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. வேலிக்குப் பக்கத்தில் வக்கீல், வாயைப் பிளந்துகொண்டு, முடியெல்லாம் பளபளக்க. அப்பாவுக்குக் காட்டு என்று கீழே எழுதியிருந்தது.

காட்டினாள். அவர் போனை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். பெரிதாக்கிய படத்தை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார்.

"இளைச்சுட்டான்" என்றார்.

"எங்க மாமா, நல்லாத்தானே இருக்கு. சதை போட்டிருக்கு" என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

திரையில் நாய் இல்லை. படத்தின் விளிம்பில், கயிற்றைப் பிடித்திருந்த மகனின் கை மணிக்கட்டு வரைக்கும் பதிந்திருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரை இருட்டும்போதெல்லாம் அவர் விரலால் தொட்டுத் தொட்டு அதற்கு வெளிச்சம் வரவைத்துக்கொண்டிருந்தார்.